வெட்டி ஒட்டிய முடிவு: ஒரு முதியோர் கூடுகையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் இடையில் ஒரு கிராமம். அங்கே பழைய வாசகசாலை ஒன்று உண்டு. பத்திரிகை படிக்க வருகிறவர்கள் குறைந்துபோனதால் பிற்பகலில் பூட்டியே கிடந்த அதன் முன்கூடத்தைக் கேட்டு வாங்கி, செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை வயதானவர்கள் கூடி உட்கார ஏற்பாடு செய்தோம். நடத்தியது இரண்டு பேர். நான் ஒருவர். மற்றவர் ஓய்வு பெற்ற செவிலியர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

வருகிறவர்கள் பன்னிரண்டு பேர் முதல் பதினான்கு பேர் வரை. வயது 62 முதல் 84 வரை. பாதிக்கு மேல் பெண்கள். பலருடைய பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். சுக்குக் காப்பி, ஏத்தம்பழ பஜ்ஜி, இரத்த அழுத்தம் பார்ப்பது, பேச்சு. இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆறு மாதத்தில் பேச்சு வற்றிவிட்டது. ஒருவருடைய மூட்டுவலிக் கதை மற்றவருக்கு மனப்பாடம். சேர்ந்து எதையாவது பார்க்கலாம் என்று 2023 மே மாதத்தில் முடிவு செய்தோம்.

இந்த ஆய்வில் வருகிற மூன்று பேரை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அண்டி ஆபீஸில் நாற்பது வருடம் முந்திரி உடைத்த பாட்டி ஒருவர், வயது 74. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய ஆசிரியர் ஒருவர், வயது 77. கணவரை அந்த மே மாதத்தில்தான் பறிகொடுத்த பெண்மணி ஒருவர், வயது 69. நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த மூன்றாமவரை மனதில் வைத்து எடுத்தவை. பாதிக்கப்பட்டவர் இரண்டாமவர். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆகஸ்ட் கடைசி வரை ஆயிற்று.

ஏன் இந்தத் தொடர்

மெகா தொடர் வேண்டாம் என்றார்கள். வீட்டில் மருமகள் போடுவது அதுதான். பழைய படங்களில் எல்லோருக்கும் வசனம் தெரியும். என்னிடம் ஒரு டிவிடி இருந்தது: ஸ்டீபன் கிங் எழுதி, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1991 கோடையில் வந்த ‘கோல்டன் இயர்ஸ்’. ரகசிய அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கித் துடைக்கிற கிழவர் ஹார்லன் வில்லியம்ஸ். அங்கே ஒரு விஞ்ஞானி நடத்தும் சோதனை வெடிக்கிறது. சாக வேண்டியவர் சாகவில்லை. அதற்குப் பதிலாக, நாள் போகப் போக வயது குறைந்துகொண்டே வருகிறார். நரைத்த முடி கறுக்கிறது, கண் அவ்வப்போது பச்சையாக ஒளிர்கிறது. சாட்சிகளை ஒழித்துக்கட்ட ஜூட் ஆண்ட்ரூஸ் என்றொரு ரகசிய ஏஜென்ட் துரத்துகிறான். ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்பு அதிகாரியான டெர்ரி ஸ்பான் என்ற பெண் கிழவருக்குத் துணை நிற்கிறாள். மனைவி ஜீனாவும் கூடவே ஓடுகிறாள். அவளுக்கு மட்டும் வயது குறையவில்லை.

கதாநாயகன் வயதானவர், அதுவும் துடைப்பம் பிடிக்கிறவர். டிவிடியில் இருப்பது மொத்தம் சுமார் நான்கு மணி நேரம். வாரம் அரை மணி என்று எட்டு வாரத்தில் முடிந்துவிடும். இந்த இரண்டு காரணங்களும் போதும் என்று நினைத்தேன். முழுவதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் மட்டும் பார்த்தேன். முதல் தவறு அங்கே.

மொழி ஆங்கிலம். அதற்கு ஒரு வழி கண்டோம். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நடந்ததை நான் தமிழில் சொல்வது. முதல் வாரமே இது படத்தைவிட ருசியாகிவிட்டது. “கதாப்பிரசங்கம் கேட்ட மாதிரி இருக்கு” என்றார் ஒரு பெரியவர். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போடுவதைப் போல இரண்டு பேர் ஒவ்வொரு வரிக்கும் “ஆமா” போட ஆரம்பித்தார்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

ஜூன் 13 செவ்வாய் தொடங்கினோம். இடவப்பாதி மழை பிடித்திருந்த நேரம். கூரைத் தகரத்தில் மழை அடிக்கும்போது வசனம் கேட்காது. ஆங்கில வசனம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதானே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரம் முடிந்ததும் அண்டி ஆபீஸ் பாட்டி ஒன்று கேட்டார். “மக்ளே, இந்தாளு நெசமாட்டு கெழவன் இல்லைலா?”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொல்லவில்லை, செய்து காட்டினார். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முதலில் முன்னால் நகர்ந்து ஓரத்துக்கு வந்தார். இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்துக்கொண்டார். முந்திரிப் பால் பட்டுக் கறுத்துத் தடித்த வலது உள்ளங்கையை முழங்காலில் ஊன்றினார். ஒரு மூச்சு விட்டார். இடது கை நாற்காலியின் கைப்பிடியைத் தேடியது. அப்புறம்தான் இடுப்பு எழுந்தது. எழுந்து நின்ற பிறகு முதல் அடி வைக்க இன்னொரு மூச்சு. “இம்புட்டு வேலை இருக்கு எந்திரிக்கதுக்கு. அவன் கூனிக்கிட்டு நடக்கான், ஆனா எந்திரிக்கப்ப யோசிக்கல்லே.”

பாட்டி சொன்னது சரி. ஹார்லனாக நடித்த கீத் சரபைக்கா 1952இல் பிறந்தவர். தொடர் வந்தபோது அவருக்கு 38 வயது. ஒப்பனை போட்டுக் கிழவராக்கியிருந்தார்கள். கதை போகப் போக ஒப்பனை குறையும். மனைவியாக நடித்த பிரான்செஸ் ஸ்டெர்ன்ஹேகன் 1930இல் பிறந்தவர், அப்போது 61. அதாவது ஒருவருடைய முதுமை பூசியது, மற்றவருடையது சொந்தம். அடுத்த வாரம் இதைச் சொன்னதும் கூடத்துப் பெண்கள் எல்லோரும் ஜீனா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பார்த்தது துரத்தல் கதை இல்லை. புருஷன் இளைஞனாகிக்கொண்டே போக, தான் மட்டும் அப்படியே நிற்கிற ஒருத்தியின் கதையைத்தான் பார்த்தார்கள். “எங்க வீட்டுக்காரரு சின்னப் பையனா மாறுனா ஊருல என்ன சொல்லுவாவ? மவனையா கூட்டிட்டுப் போறான்னு கேப்பாவ” என்றார் ஒருவர். அவருடைய கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். 79 வயது. கேட்காத மாதிரி பஜ்ஜியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் யயாதியை எடுத்தார். சாபத்தால் கிழவனான மன்னன் மகன் புருவிடம் இளமையைக் கடன் வாங்கி, ஆயிரம் வருடம் அனுபவித்துவிட்டு, ஆசைக்கு ஆசை தீனியாவதே தவிர அடங்குவதில்லை என்று கண்டு திருப்பிக் கொடுத்த கதை. “இஞ்ச கடன் குடுத்தது யாரு?” என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. ஜீனாதான் என்று மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வருகை பதினாறு ஆனது. பேச்சு வற்றிய கூட்டத்துக்கு இது பெரிய மாற்றம். அந்தப் பதினாறு என்ற எண்ணை நான் மிகவும் விரும்பினேன். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் வாரம்: நாங்கள் அறிந்ததும் மறைத்ததும்

ஜூன் 27 அன்று பாதியில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பத்து நிமிடம் தாங்கி அதுவும் நின்றது. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது.

தொடர் 1991 ஜூலை 16இல் தொடங்கி ஆகஸ்ட் 22 வரை ஏழு பாகம் ஓடியிருக்கிறது. அதன்பின் தொடரவில்லை. தொலைக்காட்சிக்காக எழுதும் நாவல் என்று கிங் நினைத்துத் தொடங்கியது, கதை பாதி வழியில் நிற்கும்போதே நின்றுவிட்டது. முடித்துவைக்க இன்னும் சில மணி நேரம் கேட்டும் சிபிஎஸ் தரவில்லை. பிறகு வீட்டில் பார்ப்பதற்கான வீடியோவாக வந்தபோது முழுதும் வரவில்லை. வெட்டிச் சுருக்கி, கடைசிச் சில நிமிடங்களை மாற்றி, முடிந்த மாதிரி ஆக்கியிருந்தார்கள். என் கையில் இருந்த நான்கு மணி நேரம் அந்த வெட்டி ஒட்டியதுதான். காட்சிகள் சில இடங்களில் தாவுகின்றனவே என்று ஆசிரியர் இரண்டாம் வாரமே கேட்டிருந்தார். டிவிடியில் கீறல் என்று சொல்லிவிட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. “அடுத்த செவ்வாய் சொல்லிடுவோம். பாக்கணும்ணா பாக்கட்டு, வேண்டாம்னா விடட்டு.”

நான் மறுத்தேன். அப்போது நான் சொன்ன காரணங்களை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவை எனக்கு நியாயமாகவே பட்டன. ஒன்று, கணவரை இழந்தவர் அப்போதுதான் வெளியே வரத் தொடங்கியிருந்தார். பாதியில் அறுந்துபோன கதை அவருக்கு என்ன செய்யும்? இரண்டு, 80 வயதுக்காரரிடம் இதற்கு முடிவே இல்லை என்று சொல்லி உட்கார வைப்பது என்ன நியாயம்? மூன்று, டிவிடியில் ஒரு முடிவு இருக்கிறதே, அதைக் காட்டினால் பொய் இல்லையே. நான்காவது காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை: பதினாறு பேர் பத்தாகிவிடுவார்கள்.

“வீட்டிலயும் இப்பிடித்தான் சொல்லுதாவ” என்று மட்டும் சிஸ்டர் சொன்னார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கூடுகையில் யாருடைய நோயைப் பற்றியும் அவர் என்னிடம் பேசுவதில்லை, அது அவருடைய வழக்கம். முடிவு என்னுடையது. மறைப்பது என்று தீர்மானித்தேன்.

இடையில் வந்த ஒரு நோட்டீஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்காம் வாரம் ஒருவர் இளமை திரும்பும் பொடி பற்றிய நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். இப்படி ஒரு தொடரைக் காட்டும்போது இது வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். சிஸ்டர் பத்து நிமிடம் பேசினார். ஜப்பானில் யமனாகா என்ற விஞ்ஞானி 2006இல் எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவில் இருக்கும் செல்லைப் போன்ற ஆரம்ப நிலைக்குத் திருப்பினார், 2012இல் நோபல் பரிசும் வாங்கினார். அது செல்லில் நடந்தது, முழு மனிதனில் அல்ல. கடலில் ஒரு சிறு சொறிமீன் இனம் அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ தன் இளம் பருவத்துக்கே திரும்பிவிடும். அதற்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. கடையில் விற்கும் எந்தப் பொடியும் இரண்டையும் செய்யாது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு யாராவது இதை வாங்கினால் தன்னிடம் வந்து சொல்லிவிட்டு வாங்க வேண்டும் என்றார். யாரும் வாங்கவில்லை. நோட்டீஸில் பஜ்ஜி எண்ணெய் துடைத்தோம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அறிவியலில் உள்ளதை உள்ளபடி சொன்னோம், இல்லாததை இல்லை என்றோம், யாரும் மனமுடைந்து போகவில்லை. அதே அறையில், அதே மாதத்தில், கதை விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி நடந்துகொண்டேன்.

ஆடிச் செவ்வாய்

ஜூலை 18 அன்று ஆடி மாதத்தின் முதல் செவ்வாய். தாழக்குடிப் பக்கம் ஔவையார் அம்மன் கோவிலுக்குக் கொழுக்கட்டை அவிக்கப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். அன்று காட்சி இல்லை. அடுத்த வாரம் வந்ததும் அண்டி ஆபீஸ் பாட்டி வாழையிலையில் மடித்த கொழுக்கட்டையைத் தந்துவிட்டுச் சொன்னார்: “இஞ்ச ஒருத்தி பிள்ளையாருகிட்ட அழுது கேட்டுக் கெழவியானா. அவளுக்குக் கோவில் கட்டிக் கும்பிடுதோம். அங்க ஒருத்தன் கேக்காமலே குமரனாவுதான், அவனை வெடிவச்சுப் பிடிக்க ஓடுதாவ.”

அன்றைய அரை மணிக் காட்சியைவிட இந்தப் பேச்சு நீண்டது. ஔவை ஏன் முதுமையைக் கேட்டாள் என்பதில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணத்திலிருந்து தப்பிக்க என்றார் ஆசிரியர். “கெழவி சொன்னாத்தான கேப்பாவ, அதுக்குத்தான்” என்றார் பாட்டி. கணவரை இழந்தவர் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். தன் கணவர் கடைசி வாரத்தில் படுக்கையில் கிடந்தபோது முகம் சுருக்கம் போய்ச் சின்ன வயதில் பார்த்த மாதிரி இருந்தது என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அன்று இரவு சிஸ்டர் போன் செய்தார். “இப்பவாவது சொல்லலாமா?” இன்னும் இரண்டு வாரம்தானே, முடியட்டும் என்றேன்.

இதற்கிடையில் ஆசிரியர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். திருவனந்தபுரம் தூர்தர்ஷன் வந்த புதிதில், உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டி, வானம் தெளிந்த இரவுகளில் இலங்கை ரூபவாஹினியையும் பிடித்துப் பார்த்த கதை. காற்று மாறினால் படம் போய்விடும். “பாதிப் படம் பாத்து வளந்தவங்க நாங்க. மீதியை நாங்களே சொல்லிக்கிடுவோம்” என்றார். அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசி வாரம்

ஆகஸ்ட் 8. பதினேழு பேர். டிவிடியில் உள்ள முடிவைக் காட்டினேன். கை தட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். “கொள்ளாம், கொள்ளாம்” என்று ஆண்கள் எழுந்தார்கள். எழுந்தார்கள் என்றால் பாட்டி செய்து காட்டினாரே, அந்த வரிசையில்.

ஆசிரியர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். “முடிவு அவசரமா இருக்கே” என்றார். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி அப்படித்தான் சார் என்றேன். இதுதான் நான் சொன்ன நேரடியான பொய். அதுவரை செய்ததெல்லாம் சொல்லாமல் விட்டது. இது சொன்னது.

ஆகஸ்ட் 22

15ஆம் தேதி சுதந்திர தினம், கூடவில்லை. 22ஆம் தேதி ஆசிரியர் ஒரு தாளோடு வந்தார். பொறியியல் படிக்கும் பேரனிடம் தொடரின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். பேரன் சொன்னதைத் தன் கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். ஏழு பாகம். பாதியில் நின்றது. வீடியோவில் முடிவு மாற்றப்பட்டது. தற்செயலாக அதே தேதியில்தான், 32 வருடத்துக்கு முன், அந்தக் கடைசிப் பாகம் அங்கே ஒளிபரப்பானது. அதையும் அவர் குறித்திருந்தார். வரலாற்று ஆசிரியர் அல்லவா.

காப்பி கொடுக்கும் முன்பே எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இது ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

“எப்பத்தொட்டு?”

மூன்றாம் வாரத்திலிருந்து.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை. போன வருடம் மகன் தன்னைத் திருவனந்தபுரத்துக்கு மூன்று முறை கூட்டிப்போனதையும், வாயுத் தொல்லை என்று சொன்னதையும், டாக்டர் மகனோடு மட்டும் தனியே பேசியதையும், வீட்டுக்கு வந்து அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த ஃபைலைத் தானே எடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொன்னார். என்ன நோய் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. “வீட்டுல பிள்ளைய செய்தத நீங்களும் செய்தேளே. சின்னப் பிள்ளைய அழப்படாதுன்னு கதையை மாத்திச் சொல்லலாம். எங்களுக்கு எதுக்கு மாத்தணும்? நாங்க என்ன, வயசு கொறஞ்சா போயிட்டோம்?”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் தலை குனிந்திருந்தார். அவருக்கு அந்த ஃபைல் முன்பே தெரியும். ஜூனில் அவர் சொன்ன ஒற்றை வாக்கியத்தின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் மன்னிப்புக் கேட்டேன். காரணங்களைச் சொல்லத் தொடங்கி, இரண்டாவது காரணத்திலேயே நிறுத்திவிட்டேன். அவை எல்லாம் அவர் மகனும் சொல்லியிருக்கக்கூடியவை.

அதன் பிறகு தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அன்று தொலைக்காட்சியில் போன கடைசி நிமிடங்கள் இந்த டிவிடியில் இல்லை, என்னால் காட்ட முடியாது, கதை அடுத்த வாரம் தொடரும் என்று எதிர்பார்க்க வைக்கும் இடத்தில் நின்றது என்றேன். கதை எழுதிய கிங்கே தொடரில் ஒரு காட்சியில் பேருந்து ஓட்டுநராகத் தலைகாட்டினார் என்பதையும் சொன்னேன். அண்டி ஆபீஸ் பாட்டி உடனே கேட்டார்: “கதை சொன்னவரே டிரைவரு. பெறவு எப்பிடி வண்டி பாதி வழியில நிண்ணுது?” அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரும். காப்பி ஆறிப்போயிருந்தது, திரும்பச் சூடாக்கினோம்.

அதற்குப் பிறகு

நான் பயந்த மாதிரி கூட்டம் கலையவில்லை. ஆனால் ஆசிரியர் இரண்டு வாரம் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். உடம்புதானா என்று எனக்குத் தெரியாது. செப்டம்பர் 12 அன்று வந்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் வராத அந்த இரண்டு வாரத்தில் மற்றவர்கள் முடிவை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் முடிவைச் சொல்ல வேண்டும் என்று பாட்டிதான் ஆரம்பித்துவைத்தார். அவருடைய முடிவில் ஹார்லன் நாற்பதில் நின்றுவிடுகிறார், ஜீனா தலைக்கு மை போட்டுக்கொள்கிறாள், ஊரார் அதற்குள் வேறு வம்புக்குப் போய்விடுகிறார்கள். 79 வயதுக் கணவர் சொன்ன முடிவு எல்லோரையும் அமைதியாக்கியது: ஹார்லன் குழந்தையாகிறார், ஜீனா அவரை மடியில் வைத்துச் சோறூட்டுகிறாள். “இப்பவும் அதுதான நடக்கு” என்றார் அவர் மனைவி.

கணவரை இழந்தவரின் முறை வந்தது. நான் தாண்டிப் போய்விடப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “எனக்கு முடிவு வேண்டாம். அவிய ரெண்டு பேரும் ஓடிட்டே இருக்கட்டு.”

எட்டு வாரம் நான் யாரைப் பாதுகாத்தேனோ, அவர் கேட்டது அறுந்துபோன கதையைத்தான். இதை நான் முன்கூட்டியே அறிந்திருக்க வழி இல்லை. கேட்டிருக்க வழி இருந்தது.

இன்று என்றால் என்ன செய்வோம்

தொடரை மாற்றமாட்டேன். அதில் சிஸ்டருக்கும் எனக்கும் ஒரே கருத்து. வயதைப் பற்றி அவ்வளவு பேச்சு வேறு எதனாலும் வந்திருக்காது. தெரிந்த அன்றே சொல்லியிருப்பேன். ஜூலை 4ஆம் தேதி, காப்பிக்கு முன். வருகை குறைந்தால் குறையட்டும். கூட்ட எண்ணிக்கைப் பதிவேட்டை இப்போது சிஸ்டர் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து நான் முடிவெடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

முழுவதையும் நாங்கள் இருவரும் பார்க்காமல் எதையும் தொடங்குவதில்லை. எது முழுசு, எது வெட்டியது, முடிவு உண்டா இல்லையா என்பதை வாசகசாலைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிரித்துப் பார்த்தால் சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டு பெண்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டரிடம் தனியே பேச வந்தார்கள். அவர்கள் கேட்டது அவர்களுக்கும் சிஸ்டருக்கும் இடையில் இருக்கிறது.

இதில் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. குடும்பம் மறைத்ததை சிஸ்டர் அறிந்திருக்கும்போது கூடுகையில் எப்படி நடந்துகொள்வது? ஆசிரியர் விஷயத்தில் அவர் வாய் திறக்காதது சரிதான் என்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை. இதைப் பற்றி இருவரும் மூன்று முறை பேசியாயிற்று.

நவம்பர்

நவம்பர் 27 அன்று பிரான்செஸ் ஸ்டெர்ன்ஹேகன் 93 வயதில் காலமானார். செய்தி கண்ணில் பட்டபோது பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது. சொல்ல வேண்டுமா, யார் கேட்கப்போகிறார்கள் என்று. அடுத்து வந்த செவ்வாய் முதல் விஷயமாக அதைச் சொன்னேன்.

“யாரு, ஜீனாவா?” என்றார் பாட்டி. ஆமாம் என்றேன். “எத்தனை வயசு?” சொன்னேன். விரலில் கணக்குப் போட்டார். அந்தத் தொடருக்குப் பிறகு 32 வருடம். “நல்லா இருந்திருக்கா” என்றார்.

கணவரை இழந்தவர், அந்தக் கடைசி அரை மணியை இன்னொரு தடவை போடச் சொன்னார். அது மாற்றிய முடிவுதான் என்று மறுபடியும் சொன்னேன். “தெரியும்லா, போடுங்க” என்றார் ஆசிரியர்.